மிலிட்டரிக்காரர் உடைக்காத பலூன்

நான் பலூன் சுடும் கடை வைத்திருப்பவள். பாலவனத்தம், மல்லாங்கிணறு, திருச்சுழி என்று எந்த ஊரில் அம்மன் கோயில் பொங்கல் சாட்டினாலும் என் பெஞ்சும் பலகையும் துப்பாக்கியும் லோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிடும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவாகத்தான். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் கடையில் நின்றுகொண்டு சுட விடமாட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் கிடக்கும் பலகையில் முழங்கையை ஊன்றித்தான் சுட வேண்டும். நின்று சுடுகிறவன் பலூனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுடுவான். பக்கத்து பஜ்ஜிக் கடைக்காரர் என்னோடு சண்டை போட்டது போதும்.

போன வருசம் பாலவனத்தம் பக்கத்து ஊர் ஒன்றில் கடை போட்டிருந்தேன். அந்த ஊர் விழாக் கமிட்டிக்குப் புதுத் தலைவர், மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். தலையை நரைக்க விட்டுவிட்டு மீசைக்கு மட்டும் மை பூசியிருந்தார். பின்னால் சம்சாரம், சொந்தபந்தம், சும்மா நின்றவர்கள் என்று ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எத்தா, நான் சுட்டா ஒன் கடையில பலூன் மிஞ்சாது. ரெடியா ஊதி வச்சுக்க."

"ஊதிட்டாப் போச்சு. சுடுங்க தம்பி."

துப்பாக்கிக் குழாயைப் பலகையின் விளிம்பில் நச்சென்று வைத்தார். கட்டையைத் தோளில் இடித்து, இரண்டு கையாலும் கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல் இறுக்கினார். பல்லும் இறுகியது. சுட்டார். பலூன்கள் காற்றில் ஆடின. மறுபடியும் சுட்டார். அப்போதும் ஆடின.

"மாமா, எல்லையில எதிரி பூராம் பொழச்சுப் போயிருப்பான் போலயே!" என்று கூட்டத்தில் எவனோ சொன்னான்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் எழுந்துவிட்டார். "துப்பாக்கி கோணல். குழாய வளச்சு வச்சு ஊரை ஏமாத்துது இந்தம்மா. விடிஞ்சா இந்தக் கடை இங்க இருக்கக் கூடாது. இனிமே எந்தப் பொங்கலுக்கும் இந்த ஊருக்குள்ள வரக் கூடாது."

குறிமுனையைத் திருகி வைத்திருக்கும் கடைகள் உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன். என் கடை அது இல்லை. ஓர் ஊரில் கள்ளத் துப்பாக்கி என்று பேர் விழுந்தால், நான் அடுத்த ஊருக்குப் போய் இறங்குமுன் அந்தப் பேர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அப்புறம் நான் பலூனை ஊதி நானே உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"எந்தப் பலூனை உடைக்கணும்னு நீங்களே சொல்லுங்க," என்றேன்.

காற்றுப்போய்ச் சுருங்கி ஓரத்தில் தொங்கிய பச்சைப் பலூனைக் காட்டினார். பெரிய மனசு! ஆபரேசன் பண்ணிய கண்ணோடு உட்கார்ந்து சுட்டேன். பச்சை போய்விட்டது.

"அந்தக் கோணல் ஒனக்குப் பழகிப்போச்சு. வேற ஆளு சுட்டாத்தான் தெரியும்," என்றார்.

அது நியாயமான பேச்சுதான். அவர் வாயிலிருந்து வந்த நியாயத்தை வீணாக்கலாமா? அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டேன். "தாயி, நீங்க வாங்க."

"நானா? நான் வெளக்குமாத்தத் தவிர எதையும் பிடிச்சதில்லையே பெரியம்மா."

"அதுதான் வேணும். உக்காருங்க."

இடது கையை விரித்துப் பலகைமேல் வைக்கச் சொல்லி, துப்பாக்கியை உள்ளங்கையில் கிடத்தினேன். "இறுக்காதீக. தூங்குற பிள்ளைய ஏந்துற மாதிரி சும்மா கிடக்கட்டும். கட்டை தோள்ல பட்டும் படாம இருக்கட்டும். பாதி மூச்ச விட்டுட்டு, விரல் நுனியால மெல்ல அமுக்குங்க. வெடிச்ச பெறகும் அசையாதீக."

என் துப்பாக்கிக்குள் இருப்பது மருந்தில்லை, சுருள்கம்பி. விசையை அமுக்கினதும் அது பாயும். ரவை குழாய் வாயை விட்டு வெளியே போகுமுன் துப்பாக்கி முன்னும் பின்னும் ஒரு துள்ளு துள்ளும். துள்ள விட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி துள்ளும். கழுத்தை நெரித்தால் பக்கவாட்டில் திமிறும். பலகையில் குழாயை வைத்தால் எம்பும். மிலிட்டரித் துப்பாக்கியை இறுக்கித்தான் பிடிக்க வேண்டுமாம். இருக்கட்டும். இது மிலிட்டரி இல்லை, பொங்கல்.

அந்தம்மா மூச்சை விட்டார். மஞ்சள் பலூன் உடைந்தது. தாமதிக்காமல் அடுத்ததையும் உடைத்தார். கூட்டம் விசிலடித்தது.

புருசனைத் திரும்பிப் பார்த்தார். "என்னங்க, கோணல் எதுல இருக்கு?"

மீசைக்காரர் வந்து உட்கார்ந்தார். கையை விரித்தார். துப்பாக்கியைக் கிடத்தினார். உடைத்தார். உடைத்த கையோடு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப சரியாயிருச்சு. நான் ரெண்டு சூடு இறுக்கிச் சுட்டேன்ல, அதுல குழாய் நேராயிருச்சு. கடை இருக்கட்டும்."

இறுக்கிப் பிடித்தே இரும்பை நிமிர்த்தியிருக்கிறார். நாடு பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. கடை இருக்கட்டும் என்ற சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு மிச்சத்தை அவர் மீசைக்கே விட்டுவிட்டேன்.

பொங்கல் முடியும்வரை அவர் என் பெஞ்சை விட்டு நகரவில்லை. "எலே, பிள்ளைய ஏந்துற மாதிரிப் பிடி. மிலிட்டரியில இப்படித்தான் சொல்லிக் குடுத்தாக," என்று வருகிறவர்களுக்கெல்லாம் என் பேச்சையே எடுத்து விட்டார். கூட்டம் குவிந்தது. சொன்னபடி பிடித்தவர்கள் உடைத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஊதி மாளவில்லை.

பலூன் பொட்டலத்தையும் பம்பையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"தம்பி, நீங்க சுட்டா பலூன் மிஞ்சாதுன்னீகளே. மிஞ்சல. இப்ப நீங்களே ரெடியா ஊதி வைங்க."

அவர் சம்சாரம் சிரித்த சிரிப்பில் பக்கத்து பஜ்ஜிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மீசைக்காரர் ஊதினார். முடிச்சுப் போடும்போது மட்டும் இறுக்கித்தான் போட்டார். அது இறுக்க வேண்டிய இடம்தான்.