ஏழாவது டிக்கெட்

சில வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது இது. தேதி, நேரம், வண்டி எண் எல்லாம் என் டயரியில் இருக்கின்றன. ரயில் பாதையின் பெயரை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு உதவியவருக்கு அதனால் தொந்தரவு வரக் கூடாது.

கள்ளக்குறிச்சியில் தனியாக வசிக்கிறேன். சங்கராபுரத்தில் அரசு அலுவலக வேலை. கணவர் இறந்த பிறகு, விடுமுறை நாட்களைக் கழிப்பதற்காக ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். ரயில் பஸ்களைப் பற்றிக் குறிப்பெடுப்பது. ரயில் பஸ் என்பது ஒரே ஒரு பெட்டி; பஸ்ஸைத் தண்டவாளத்தில் தூக்கி வைத்தது மாதிரி இருக்கும். அடியில் டீசல் இன்ஜின், இரண்டு முனையிலும் டிரைவருக்கு இடம். கூட்டமில்லாத கிளைப் பாதைகளில் முழு ரயில் ஓட்டிக் கட்டுப்படியாகாது என்று இதை விட்டார்கள். பிறகு ஊருக்கு ஊர் பஸ் வந்தது, ரயில் பாதைகளை அகலப் பாதைகளாக மாற்றினார்கள். ரயில் பஸ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

மிச்சமிருந்த ஒன்றைப் பார்க்கத்தான் அன்று உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறிப் போனேன். கண்டக்டர் மாதிரி கார்டே உள்ளே வந்து டிக்கெட் கொடுத்தார். ஜன்னல்களை எண்ணினேன், இருக்கைகளை எண்ணினேன், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரம் குறித்தேன்.

ஐந்தாவது நிறுத்தத்தில் ஒரு பெயர்ப் பலகையும் தகரக் கூரையும்தான். இரண்டு நிமிடம் நிற்கும் என்று கணக்கிட்டு, பையை இருக்கையில் வைத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக இறங்கினேன். வண்டியின் பின்னால் போய், தயாரித்த ஆண்டு பொறித்த தகட்டைப் படிக்கக் குனிந்தேன். ஆண்டின் முதல் இரண்டு எண்களை எழுதியிருப்பேன், வண்டி நகர்ந்துவிட்டது. கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மணி 5.12. அன்றைக்கு அதுதான் கடைசி வண்டி. செல்போனும் பணமும் பையோடு போய்விட்டன. இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. சாலை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. கூரைக்குக் கீழே உட்கார்ந்து யோசித்தேன். நான் வரவில்லை என்று யாருக்கு, எப்போது தெரியும்? திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வருகைப் பதிவேட்டில். அதற்கு முன் யாருக்கும் தெரியாது. பயத்தைவிட அந்தக் கணக்குதான் என்னை அழவைத்தது.

5.31க்குத் தண்டவாளத்தில் ஓர் ஆள் நடந்து வருவது தெரிந்தது. கையில் சுருட்டிய கொடி. கார்டு.

"ஏழு டிக்கெட்டு கிழிச்சன். பாத்தா ஆறு தலதான் இருக்குது. பையி கெடக்குது, ஆளக் காணோம்" என்றார் மூச்சு வாங்கியபடி. "வண்டியப் பின்னால எடுக்கக் கூடாதும்மா. அதான் நிறுத்திட்டு நடந்துகினு வந்தன்."

இருவரும் தண்டவாளக் கட்டைகள்மேல் நடந்தோம். அவருக்கு ஓய்வுபெறும் வயது. என் பேச்சைக் கேட்டு, நம்ம பக்கமா என்று விசாரித்தார். அவர் குடும்பம் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறதாம். இவர் மட்டும் இங்கே குவார்ட்டர்ஸில் தனியாக. ரயிலே எட்டிப் பார்க்காத ஊரில் பிறந்து ரயில் உத்தியோகம் என்று சிரித்தார்.

"வூட்ல சொல்லிட்டுத்தான வந்தீங்க?"

"சொல்லிட்டுத்தாங்க வந்தேன்" என்றேன். அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

வண்டியில் ஏறியதும் கூடைக்கார அம்மா ஒருத்தி, "ரயில் பஸ்ஸப் பாக்க வந்துட்டு அதையே வுட்டுட்டியேம்மா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது, கார்டு என் நோட்டை வாங்கி ஓர் எண்ணை எழுதினார். "எங்கூட்டு நம்பரு. எங்கூட்டம்மா எடுப்பாங்க. நானும் தெனம் டூட்டி முடிஞ்சா அவங்ககிட்டதான் வந்துட்டன்னு சொல்லுவன். நீங்களும் போய்ச் சேந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க."

வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு அந்த எண்ணுக்கு அழைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கினேன். அதற்குள் அந்தப் பக்கமிருந்து, "ஏழாவது டிக்கெட்டுங்களா? இன்னாம்மா இவ்ளோ நேரம்? நானும் தூங்காம குந்திகினு இருக்கன்" என்று ஒரு குரல் உரிமையோடு கோபித்துக்கொண்டது.

"வந்துட்டேங்க" என்றேன். கணவர் போன பிறகு அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

அந்த ரயில் பஸ்ஸும் பிறகு நின்றுவிட்டது. ஆனால் வெளியூர் போய்த் திரும்பும் நாட்களில் அந்த அம்மாவை இன்றும் அழைக்கிறேன். பூட்டைத் திறப்பதோடு அல்ல, வந்துவிட்டேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் வீடு வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றுகிறது.