பொதுக் கக்கூசும் ஒரு பிடி சாம்பலும்

இன்று காலை மகள் அறைக்குள் இருந்து கத்தினாள். "அம்மா, இவருக்குப் பிறகு நீங்கள்தானே டொய்லெட்டுக்குப் போனீங்கள்? இண்டைக்கும் சீற்றை நனைச்சு வச்சிருந்தவரோ?"

மருமகன் வங்கியில் பெரிய ஆள். கண்ணாடிக்கு முன்னால் டை கட்டிக்கொண்டு நின்ற மனுசன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். சீற் நனைந்துதான் கிடந்தது, நான்தான் கடதாசியால் துடைத்துவிட்டு வந்தேன். "இல்லைப் பிள்ளை, காஞ்சுதான் கிடந்தது" என்றேன். மருமகன் டையை இறுக்கின இறுக்கில் மூச்சு நின்றிருக்க வேண்டும்.

சொன்ன பிறகுதான், அது என் வாயில் இருந்து வந்தாலும் என் சொல் இல்லை என்று உறைத்தது. அது பழைய அயல்வீட்டு நபீசா தாத்தாவின் சொல். தாத்தா என்றால் கிழவன் இல்லை. முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே பழகிப்போனேன்.

இந்த வெள்ளவத்தை வீட்டுக் கக்கூசு எலுமிச்சம்பழம் மணக்கிறது. கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்துக் கக்கூசு பினாயில் மணக்கும், அதுவும் கழுவின அன்றைக்கு மட்டும். தோட்டம் என்றதும் பூமரத்தை நினைத்துவிடாதீர்கள். ஒட்டிக்கொண்டு நிற்கிற சின்ன வீடுகள், நடுவில் ஒரு பைப், மூலையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கக்கூசு. கழுவுகிறது முறை வைத்து. கழுவி முடித்தவள் வாளியைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் கவிழ்த்து வைப்பாள். வாளி வந்துவிட்டால் காய்ச்சல் என்றாலும் கழுவித்தான் ஆக வேண்டும். என் முறையில் கழுவினால் அங்கே பாய் விரித்துப் படுக்கலாம். இதை நானே சொல்லக்கூடாது, ஆனால் சொல்ல இப்போது வேறு ஆளும் இல்லை.

கரைச்சல் ஆம்பிளைகளால்தான். கால் வைக்கிற இரண்டு படியிலும் ஏறிக் குந்தினால் ஒரு சொட்டு வெளியே போகாது. அதற்குப் பஞ்சிப்பட்டு, குந்தச் சோம்பலில், யாரோ ஒருத்தர் வாசலிலேயே நின்று குழியைப் பார்த்துக் குறி வைக்கிறார். சீமெந்துத் தரை முழுக்க ஈரம். மற்றவர்களுக்கு அது நாற்றம், நபீசா தாத்தாவுக்கு அதைவிடப் பெரிய பாடு. அந்தத் துளி உடுப்பில் பட்டால் கழுவி மாற்றாமல் தொழ ஏலாது.

என் மனுசனுக்குத் துறைமுகத்தில் வேலை. பைப்படியில் அடுத்த வீட்டுப் பிலோமினா என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "உங்கட துரை ஹாபர்ல நிண்டு கடலுக்கு விட்டுப் பழகினவர். அவருக்கு இந்தச் சின்னக் குழி கண்ணுக்குத் தெரியுமா?"

எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. "என்ட மனுசன்தான் எண்டு காட்டு பாப்பம்! காட்டினா இந்த வாளி சாகும் வரைக்கும் என்ட வாசல்லயே கிடக்கட்டும்" என்றேன். வாய் பொல்லாதது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பிலோமினா, சொட்டு விழுந்தால் தடம் தெரியட்டும் என்று, அடுப்புச் சாம்பலைக் கக்கூசுத் தரையில் மாவு மாதிரித் தூவினாள். நாங்கள் மூன்று பேரும் நெத்தலியைச் சட்டியில் போட்டுத் தலை கிள்ளிக்கொண்டு பைப்படியில் இருந்தோம். ஒரு ஆம்பிளை வெளியே வர, பிலோமினா எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நபீசா தாத்தாவின் மனுசன் போனார், சாம்பலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிலோமினாவின் மனுசனும் தப்பிவிட்டார்.

பிறகு என்னுடையவர் விசிலடித்துக்கொண்டு போனார், போன வேகத்திலேயே வந்தார். என் கையில் இருந்த நெத்தலி நசிந்துபோனது. அவர் குந்தி எழும்புகிற வேகமா அது?

பிலோமினா எழும்பினாள். நபீசா தாத்தா அவளுடைய தோளை அமத்தினார். "நீ மீனப் பாரு புள்ள, நான் பாத்துட்டு வாரன்." போகும்போது வாளியையும் தூக்கிக்கொண்டு போனார். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். வெளியே வந்து, "காஞ்சிதான் கெடக்கி" என்றார்.

"அப்ப ஏன் தண்ணி ஊத்தின நீங்க?" என்றாள் பிலோமினா.

"ஏன், எனக்கு மட்டும் முட்டாதா?"

பிலோமினாவே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. தாத்தாவின் கால் விரல்களுக்கு நடுவில் சாம்பல் சேறு. பாவாடைக் கரையும் நனைந்திருந்தது. வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு தொழப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் என் மனுசனிடம் சொன்னேன். "இனி ஏறிக் குந்தாட்டி ராவைக்குச் சோறு இல்ல."

"ஆம்பிளைக்கு இதுக்குமா படிப்பு?" என்று முறைத்தார். ஆனால் குந்தினார். முழங்கால் நோகுது என்று கண்ணை மூடும் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே குந்தினார்.

தோட்டத்தை உடைத்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். நபீசா தாத்தா ஹெந்தளையில் மகள் வீட்டில் மௌத்தானார். சாகும் வரைக்கும் அந்தச் சாம்பலைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை.

மருமகனையும் சீற்றில் உட்கார்ந்து போகச் சொல்ல வேண்டும். சோறு இல்லை என்று மிரட்டவும் ஏலாது, சமைக்கிறதே அவர்தான். இந்த மாடியில் வீட்டுக்கொரு கக்கூசு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பூட்டும் இருக்கிறது. அடுத்த கதவுக்காரியின் பேர் எனக்குத் தெரியாது, என் பேர் அவளுக்கும் தெரியாது. ஒருவர் வாசலுக்கும் இப்போது வாளி வருவதில்லை. என் மானம் தரையில் கிடந்தால், அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு எழும்பி வர ஒரு ஆளும் இல்லை.