விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தவர்

போன வாரம் ஒரு காலையில், கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்களுக்குக் கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். என் தங்கை மரகதத்தின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் தறியை விட்டு எழுந்து அப்படியே வந்து வாசலில் நின்றார்.

"மச்சான், நயினார் போயிட்டாரு" என்றார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். நயினார் இல்லாமல் இந்த மனிதர் மறுபடி குடிக்கப் போய்விடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேமிராஜ நயினாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். திருப்பருத்திக்குன்றத்துச் சமணர். காஞ்சிபுரம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பட்டு நெய்கிற ஊரில் பட்டு உடுத்தாதவர். "பூச்சியைக் கொன்னு எடுக்கிறது" என்று பட்டு வியாபாரியான என்னிடமே சிரித்துக்கொண்டு சொல்வார். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். அதன்பிறகு தண்ணீரும் தொடமாட்டார். இப்படிப்பட்டவர் சாராயம் குடிக்கிறவர்களோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

ஏகாம்பரம் நல்ல நெசவாளி. அவர் குடிக்கிறார் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, சேலை சொல்லிற்று. என் கடைக்கு வரும் அவர் சேலையை விரித்தால் ஒரு முழம் இறுக்கமாக இருக்கும், அடுத்த முழம் தளர்ந்திருக்கும். கரை உடலோடு சேருகிற இடம் நெளிந்திருக்கும். கேட்டால் மரகதம், "அவருக்கு வயித்துவலி, அண்ணா" என்பாள். அது மதுவிலக்கு இருந்த காலம். குடித்தேன் என்று ஒப்புக்கொண்டால் போலீஸ். முதலாளிக்குத் தெரிந்தால் தறி போய்விடும். அதனால் எங்கள் தெருக்களில் குடிக்கு வயித்துவலி என்று பெயர். டாக்டரிடமும் அதையே சொல்வார்கள். அவரும் வயிற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்புவார். அந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே செத்துப்போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒருநாள் மரகதம் வெண்கலப் பானையை எடைக்குப் போட நயினார் கடைக்கு எடுத்துப் போனாள்.

"நல்ல பானையாச்சே, ஏம்மா போடறே?"

"அவசரம். வீட்டுக்காரருக்கு வயித்துவலி."

"எப்ப வலிக்குது? பொழுது சாஞ்சா வலிக்குதா?"

அவள் பானையைத் தராசுப் பக்கம் நகர்த்தினாள்.

"பானையை எடுத்துக்கினு போம்மா. நாளைக்கு அவரைக் கூட்டிக்கினு வா. வரலைன்னா நானே வரேன்."

மரகதத்துக்கு ஆத்திரம். "பாத்திரம் வாங்கறவருக்கு என் வீட்டு விஷயம் எதுக்குண்ணா?" என்று என்னிடம் வந்து பொரிந்தாள். எனக்கும் அதே கேள்விதான். லாபமில்லாமல் ஒருவர் ஒரு வேலையில் இறங்கினால் எனக்குச் சந்தேகம் வரும். விசாரித்துப் பார்த்தேன். அவர் வீட்டில் குடிக்கிறவர் யாரும் இல்லை. நேரிலேயே கேட்டேன்: "நயினார், இதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?"

"ஆறு மணிக்கெல்லாம் சாப்பிட்டு முடிச்சுடறேன். படுக்கிற வரைக்கும் பொழுது போவணுமேப்பா."

ரொம்ப நாள் கழித்து ஒரே ஒரு முறைதான் காரணத்தைச் சொன்னார். முன்பு ஒரு குடிகாரரின் மனைவி சோற்றுப் பானையோடு கடைக்கு வந்திருக்கிறாள். "அடுப்புலேர்ந்து இறக்கின சூடு போவலைப்பா. நான் தராசுல வெச்சு எடை போட்டு வாங்கிட்டேன். அவ போனதுக்கு அப்புறம்தான் என் கை சுட்டுது."

சொன்னபடியே நயினார் என் தங்கை வீட்டுக்குப் போனார். அன்றைக்கென்று எங்கள் சொந்தக்காரர்கள், ஏகாம்பரத்தைக் கட்டிப்போட்டால் தெளிந்துவிடும் என்று கயிறோடு வந்திருந்தார்கள். நயினார் குறுக்கே நின்றார்.

"ரொம்ப நாள் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், உயிரே போனாலும் போவும்னு மெட்ராஸ்ல ஒரு டாக்டர் சொன்னாரு. ஆஸ்பத்திரியிலதான் வெச்சு நிறுத்தணும்."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டோம். மனநோய்க்கான அரசாங்க ஆஸ்பத்திரி என்றார். வீடே எழுந்து நின்றது.

"எங்க மாப்பிள்ளை என்ன பைத்தியமா?" என்றார் என் பெரியப்பா. "நாளைக்கு இந்த வீட்டுல யாரு பொண்ணு எடுப்பாங்க?"

"பைத்தியம் இல்லீங்க. ஆனா அங்கதான் இதை ஒரு வியாதியாப் பார்க்கிறாங்க. மத்த இடத்துல வயித்தைத்தான் அமுக்கிப் பார்ப்பாங்க."

மரகதம்தான் முடிவு செய்தாள். "அவரு உயிரோட இருக்கட்டும். பொண்ணுக்கு மாப்பிள்ளை நான் தேடிக்கறேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத் துணிமூட்டையைக் கட்டினாள்.

நயினார் கூடவே பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போனார். என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்க, மரகதம் பழக்க தோஷத்தில் "வயித்து..." என்று ஆரம்பித்திருக்கிறாள். "சாராயம் குடிக்கிறார் டாக்டர். காலையிலேயே கை நடுங்குது" என்றாராம் நயினார். அதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை என்று மரகதம் இன்றும் சொல்வாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் உண்மையான வேலை என்பது நயினாருக்குத் தெரிந்திருந்தது. தறியை விட்டு இறங்கியதும், விளக்கு வைக்கிற நேரத்தில்தான் கால் தானாகச் சாராயம் விற்கிற பக்கம் நடக்கும். மற்ற வீடுகளில் அப்போதுதான் உலை வைப்பார்கள். நயினாருக்குச் சாப்பாடு முடிந்திருக்கும். சரியாக அந்த நேரத்துக்கு வந்து ஏகாம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"நீங்க ஒரு சொட்டு நாக்குல வெச்சிருக்கீங்களா நயினாரே?" என்று ஒருநாள் ஏகாம்பரம் சீறினார். "பொழுது சாஞ்சா பச்சைத் தண்ணி குடிக்காத ஆளு. என் வேதனை உங்களுக்கு என்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுப்பா. சொல்லு, கேக்கறேன்."

"சொன்னா மட்டும் போயிடுமா?"

"சொல்லிக்கினு இருக்கிற வாயால குடிக்க முடியாதில்ல."

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். பிறகு சொல்லவும் ஆரம்பித்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் சிலர் சேர்ந்தார்கள். கடை சாத்தியதும் பாத்திரங்களுக்கு நடுவே சாக்கு விரித்து உட்காருவார்கள். யார் எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போனால் சாராயம் விற்கிற இடம் எதிர்ப்படாது என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. உபதேசம் கிடையாது. கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கச் சொல்லி நான் யோசனை சொன்னேன். நயினார் ஒப்பவில்லை. "சத்தியம் பண்ணவன் அதை மீறிட்டான்னா வெக்கத்துல திரும்பி வரமாட்டான்பா. எனக்கு அவன் திரும்பி வரணும்."

அரசாங்கமே சாராயக்கடைகளைத் திறந்த வருஷம் ஏகாம்பரம் மறுபடி குடித்துவிட்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று. நயினார் மட்டும் மறுபடி அவரை மெட்ராஸுக்கு அழைத்துப் போனார். "கடை திறந்தது கெடுதிதான். ஆனா இனிமே போலீசுக்குப் பயந்து பொய் சொல்ல வேணாம். நேரா டாக்டர்கிட்ட போலாம்" என்றார். நஷ்டத்திலும் பிடித்துக்கொள்ள ஒரு முனையைத் தேடுகிற அந்தப் புத்தியை வியாபாரிகளிடம்கூட நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஏகாம்பரம் குடிக்கவில்லை. நயினாரிடம் வந்த எல்லோரும் பிழைத்தார்கள் என்று எழுதமாட்டேன். சிலர் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்கும் நயினார் போய் நின்றார்.

சாவுச் சேதி வந்த அன்று மதியம் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனோம். தெரு நிறையக் கூட்டம். தெருமுனையில் சபாபதி ஒதுங்கி நின்றிருந்தார். சாயப்பட்டறைத் தொழிலாளி, நயினாரிடம் வருவதும் மறுபடி குடிப்பதுமாக இருந்தவர். அன்றும் குடித்திருந்தார். "சமணர் வீட்டுச் சாவுக்கு இந்த நாத்தத்தோட வருவியா?" என்று ஒருவர் அவரை விரட்டிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் என் பக்கத்திலிருந்து நகர்ந்து சபாபதியிடம் போனார். எனக்குத் திக்கென்றது. பின்னாலேயே போனேன்.

"கிட்ட வராதே ஏகாம்பரம், நாறுது" என்றார் சபாபதி.

"நாறட்டும். மொகம் பார்த்தியா?"

"இந்த வாயோட எப்படிப் போறது?"

"என்கூட வா."

கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவே அழைத்துப் போனார். நயினாரின் மகன் வழிவிட்டார். சபாபதி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நயினாரின் காலடியில் நின்றார்.

தகனம் முடிந்து திரும்பும்போது ஏகாம்பரம் சபாபதியைக் காட்டி, "மச்சான், நாளைக்கு முதல் பஸ்ல இவரை மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போறேன். நீங்களும் வரீங்களா?" என்று கேட்டார்.

போனேன். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் எங்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"நயினார் வரலையா?"

"நேத்து தகனம் ஆயிடுச்சுங்க. இவரை நான் கூட்டிக்கினு வந்திருக்கேன்" என்றார் ஏகாம்பரம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, நோயாளிக்குத் துணையாக வருகிறவர் உட்காரும் நாற்காலியை அவருக்குக் காட்டினார். ஏகாம்பரம் உட்கார்ந்தார். நீலச்சாயம் ஏறிய சபாபதியின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதை எடுத்துத் தம் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

அந்த நாற்காலி காலியாக இல்லை, நயினார். நிம்மதியாகப் போங்கள்.