குகன் அழித்த பாட்டுகள்

இன்று சுவிஸில், வின்டர்தூர் ரயிலில் நண்பன் குகனின் மகளைக் கண்டேன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே குகன் இறந்துவிட்டான்.

“மாமா, நீங்களும் அப்பாவும் கேட்ட ஸ்கொட்லாந்துக்காரர் இவையளோ?”

அவள் நீட்டிய கைபேசியில் அந்த இசைக்குழுவின் அத்தனை பாட்டுகளும் இருந்தன.

“ஓம் பிள்ளை.”

எண்பதுகளில், இன்டர்லாக்கன் ஹோட்டலில் கோப்பை கழுவிய எங்களிடம் அவர்களுடைய கசெற் ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் தன் குரலைப் பதிந்து, யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவுக்குக் கடிதமாக அனுப்பினான் குகன்.

“பாட்டு எப்பவும் வாங்கலாமடா” என்றான். இதை அவளிடம் சொன்னேன்.

“அந்தக் கசெற் எங்க மாமா? அப்பான்ர குரல் எங்களிட்ட இல்லை.”

“அப்பம்மான்ர வீட்டோட எரிஞ்சிட்டுது.”

குகன் சொன்னது சரிதான். பாட்டெல்லாம் மாதச் சந்தாவில் கிடைக்கிறது.

இரண்டாம் பாட்டின் நடுவில் ஒருவன் குறுக்கிட்டு, “அம்மா, இஞ்ச குளிரே இல்லை” என்று பொய் சொல்லும் பதிப்பு மட்டும் காணவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.