மலையில் கேட்ட ஒரு சொல்

சபையில் இந்தச் சாட்சியைச் சொல்ல நான் எழுந்தாலே என் மனைவி எஸ்தர் தலையைக் குனிந்துகொள்வாள். அவளுடைய தம்பியை மலைக்குக் கூட்டிப்போனவன் நான். அவனில்லாமல் திரும்பி வந்தவனும் நான். அவள் முகத்துக்கு முன் சொல்ல வாய் வராமல்தான் எழுதுகிறேன். கர்த்தரை நம்புகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

எங்களுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம். பிழைப்புக்காகச் சூளூர்பேட்டையில் குடியிருக்கிறோம். நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். மைத்துனன் சாமுவேல் திருப்பதியில் ஏசி மெக்கானிக். தெலுங்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்வதற்கே நாக்கு புரளாது. "ஆந்திரா சோறு துன்னுக்கினு கீறியே மாமா, நாலு வார்த்தை கத்துக்கினா இன்னா?" என்று கேலி செய்வான்.

போன மழைக்காலம் முடிகிற சமயம். நாகலாபுரம் மலையில் அருவி பார்த்து, ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று கிளம்பினோம். நான், சாமுவேல், என் சின்ன மகள் ஜெனி. எஸ்தருக்கு வேலை இருந்தது. வாசலில் நின்று ஜெபம் பண்ணித்தான் அனுப்பினாள். "ஏசப்பா, மூணு பேரும் பத்திரமா வந்து சேரணும்."

அன்றைக்கு அருவியில் ஆசை தீரக் குளித்தோம். ஓடையோரம் மணலில் கூடாரம் போட்டோம். அங்கே போட்டிருக்கக் கூடாது. யாருக்குத் தெரிந்தது?

காலையில் எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். தூரத்து உச்சியில் மட்டும் வானம் கறுத்திருந்தது. சாமுவேல் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தான். மேலே பாறைமீது ஆடு மேய்க்கும் ஓர் அம்மா இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். "ஏறு! ஏறு!"

நான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஜெனியை வாரித் தூக்கிக்கொண்டு பாறையில் ஏறினேன். "சாமு, ஏறச் சொல்றாங்கடா!"

"அது ஏறு இல்ல மாமா" என்று சிரித்துக்கொண்டே அவன் ஓடைப் பக்கம் திரும்பினான். எதையோ பார்க்கிறவன் போல நின்றான்.

செம்மண் நிறத்தில் மரக்கிளைகளோடு வெள்ளம் வந்தது. கூடாரம் போனது. சாமு போனான். "நைனா, மாமா எங்க?" என்று ஜெனி கேட்டுக்கொண்டே இருந்தாள். பாறையில் முழங்காலிட்டுக் கதறினேன். என் காலடிக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றுவிட்டது. ஆனால் அவன் வரவில்லை.

போலீசும் ஊர்க்காரர்களும் தேடினார்கள். எஸ்தர் வந்தாள். அழவில்லை. "இனிமே நான் ஜெபம் பண்ண மாட்டேன்" என்றாள். மறுநாளும் கிடைக்கவில்லை. பொழுது சாய, தேடியவர்கள் கிளம்பத் தயாரானார்கள். அப்போது அவளே மணலில் உட்கார்ந்தாள். "உயிரக் கேக்கல ஆண்டவரே. மொகத்தையாவது காட்டு."

ஆமென் சொல்லி அவள் எழுந்திருப்பதற்குள் ஓடையின் கீழ்ப்பக்கமிருந்து குரல் வந்தது. அதே ஆட்டுக்கார அம்மா. புதரில் சிக்கியிருந்தவன்மீது தன் துண்டைப் போர்த்தி, காக்கையை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எஸ்தர் அதைத் தடவித் தடவி அழுதாள். ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்த அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஏறுன்னு சொல்லாங்காட்டி நானும் என் பொண்ணும் இல்ல" என்றேன். ஊர்க்காரர் ஒருவர் அதைத் தெலுங்கில் சொன்னார். அந்த அம்மா விழித்தார். "எக்கமனலேதய்யா. ஏரு வஸ்தாவுந்தனி அரிசினா" என்றார். ஏறச் சொல்லவில்லை. தெலுங்கில் ஏரு என்றால் ஆறு. ஆறு வருகிறது என்று கத்தியிருக்கிறார். மொழி தெரிந்தவன் ஆற்றைத் திரும்பிப் பார்த்தான். தெரியாத நான் ஏறிவிட்டேன்.

"உங்களுக்குத் தமிழ்ல கேக்க வெச்சவரு, என் தம்பிக்கு ஏன் வெக்கல?" என்று எஸ்தர் கேட்டாள். அதையே நானும் ஆண்டவரிடம் கேட்டுவிட்டேன், இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஜெபத்துக்குச் சாக்குச் சொல்லித் திரிந்த நான் இப்போது தினமும் அவர் முன்னால் உட்காருகிறேன். பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் தெலுங்கு கற்கத் தொடங்கியிருக்கும் ஜெனியிடம் நானும் படிக்கிறேன்.

பிரியமானவர்களே, நீங்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்திருக்கலாம். மீதிக்காக அழுங்கள். அழுதுகொண்டே அவரிடம் போங்கள். ஜெபம் பண்ண மாட்டேன் என்றவள், நானும் ஜெனியும் வெளியே கிளம்பும்போது இன்றைக்கும் வாசலில் நிற்கிறாள். "ஏசப்பா, மூணு பேரும்..." என்று ஆரம்பிக்கிறாள். நிறுத்துகிறாள். "ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேரணும்" என்கிறாள். நான் ஆமென் சொல்கிறேன்.