தெருவிளக்கடியில் ஒரு பாடம்

நெல் அறுப்பு தொடங்கினால் வகுப்பு காலியாகிவிடும் ஊரில் ஆசிரியர் வேலை பார்ப்பது சாமானியமில்லை. பிள்ளைகள் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போவது யார் என்று என்னைப் போன்ற தற்காலிக ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலங்கைமான் கூட்டத்தில் விவசாயச் சங்கத் தலைவர் பேசிய பேச்சை நான் கேட்கவில்லை. அன்று மதிய உணவு அரிசிக்குக் காவலாக என்னைப் பள்ளியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். எல்லாம் பிள்ளைகள் சொல்லித் தெரிந்ததுதான்.

மறுநாள் காலை

"தலைவர் என்ன பேசினார்?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். கூலி, நிலம், குத்தகை என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். அறுப்புக்காரர் வீரையனின் மகள் செல்வராணி மட்டும் எழுந்து, தலைவரைப் போலவே கையை உயர்த்திச் சொன்னாள்: "ஒங்க அப்பனுக்கு இதுவரைக்கும் யாரும் ஒரு வரி வாசிச்சுக் காட்டினதில்ல. இன்னிக்குப் படிச்சதை இன்னிக்கே வீட்ல வாசிச்சுக் காட்டு!"

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. வீட்டில் படியுங்கள் என்று நானும்தான் ஆனி மாதத்திலிருந்து தொண்டை கட்டச் சொல்லியிருந்தேன். அதைச் சொன்னபோது செல்வராணி யோசித்துப் பதில் சொன்னாள்: "நீங்க சொன்னா அது வீட்டுப்பாடம் சார். அவரு சொன்னது எங்க அப்பாவைப் பத்தி."

பாதியில் நின்ற போர்

அடுத்த வாரம் வீரையன் பள்ளி வாசலில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். கூலித் தகராறில் அந்த வருஷம் ஊர் இரண்டுபட்டிருந்தது. பெண்ணை நிறுத்தி அறுப்புக்குக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் வந்தது வேறு விஷயத்துக்கு. செல்வராணி தினமும் கொடிக்கம்பத்துத் தெருவிளக்கடியில் வரலாற்றுப் புத்தகத்தை வாசிக்க, தெருவே கூடிவிடுகிறதாம். கலிங்கப் போரில் பாடம் நின்றுவிட்டது. சார் நடத்தாததை வாசிக்கமாட்டேன் என்கிறாளாம். "அத்தனை பேரைக் கொன்னுட்டு அந்த ராஜா அப்புறம் என்னங்க சார் செஞ்சாரு? இன்னிக்கே நடத்திடுங்க. தெருவே காத்துக் கெடக்கு."

ஏஜெண்டு வந்த மாலை

கதிர் முற்றியதும் பண்ணை ஏஜெண்டு தெருவுக்கு வந்தார். வீட்டில் எத்தனை கை உண்டோ அத்தனையும் அறுப்புக்கு இறங்க வேண்டும் என்பது பண்ணை வழக்கம். குறைந்தால் அந்த வீட்டுக்கே வேலை கிடையாது. அன்று வாசிப்பைக் கேட்கப் போயிருந்த நான் பயந்து கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"நாங்க ரெண்டு பேரும் வர்றோங்க. பொண்ணு வராது" என்றார் வீரையன்.

"அப்ப நீயும் வராதே. வெளியூர் ஆளை இறக்கிக்கிறேன்."

வீரையன் மனைவி முன்னால் வந்தார். "அதுவும் வயல்ல கெடந்து அசந்துட்டா, எங்களுக்கு யாருங்க வாசிக்கிறது?"

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, "வீரையன் இறங்கலேன்னா நாங்களும் இறங்கலீங்க" என்றார். ஒவ்வொருவராகத் தெருவே எழுந்தது. ஏஜெண்டு கூட்டத்தைப் பார்த்தார். வாசிப்பைக் கேட்க வந்து பின்வரிசையில் நின்ற பண்ணையாட்கள் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "விடிஞ்சதும் ரெண்டு பேரா வந்து தொலைங்க. எங்க பண்ணை ஆளுங்களே இங்கதானே கெடக்குறானுங்க!"

செல்வராணி முழுப்பரீட்சை எழுதி முடித்த பிறகு வலங்கைமான் கூட்டத்துக்கு மைக் கட்டிய மைக்செட்காரரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டேன்: அன்று தலைவர் படிப்பைப் பற்றிப் பேசியது அவர் கேட்ட சோடா வந்து சேரும்வரை கிடைத்த இடைவெளியில் மட்டும்தானாம், ஆசிரியர் பயிற்சி பெற்ற நானோ வருஷம் முழுக்கப் பேசியிருந்தேன்.