சர்க்கரை பிரியாது

சித்தியின் முகத்தில் விழவேண்டிய வெளிச்சத்தை நான்தான் கெடுத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. இதைச் சொல்ல எழுபதைத் தாண்ட வேண்டியிருந்தது. கேட்க வேண்டியவள் இப்போது இல்லை.

கன்னடம் பேசும் ஊரான ஒக்கலிபுரத்தில், எங்கள் வீட்டில் அம்மாவின் அண்ணனும் தங்கையும் கூடவே இருந்தார்கள். மாமா எலெக்ட்ரீஷியன். சித்தி, எங்கள் பகுதித் தமிழர்கள் போடும் நாடகங்களில் நடிப்பாள். அந்த வருடம் அவளைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு நாடகக் குழுக்காரர் வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் அழைத்துக்கொண்டு போய்விடுவார். வீடே சந்தோஷப்பட்டது. பக்கத்தில் சித்தி இல்லாமல் தூக்கம் வராத எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

மேடை வெளிச்சத்தை மெல்லக் கூட்டவும் குறைக்கவும் மாமா ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். பெரிய ஊறுகாய் ஜாடியில் உப்புத் தண்ணீர். விளக்குக்குப் போகும் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு முனையிலும் தகடு கட்டி, அதில் இறக்குவார். தகடு ஆழத்துக்குப் போகப்போக வெளிச்சம் ஏறும். சர்க்கரை போட்டால் எரியாதா என்று ஒருநாள் கேட்டேன். டார்ச் பேட்டரியும் குட்டி பல்பும் வைத்துக் காட்டினார். உப்புத் தண்ணீரில் எரிந்த பல்பு சர்க்கரைத் தண்ணீரில் எரியவில்லை.

“உப்பு தண்ணில பிரிஞ்சிடும்டா. பிரிஞ்சதுதான் கரண்ட்டைத் தூக்கிட்டுப் போவும். சக்கரை கரையும், ஆனா பிரியாது.”

கடைசிச் சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

நாடகத்தன்று ஜாடியில் உப்பைக் கரைக்கச் சொல்லி மாமா பொட்டலத்தைக் கொடுத்தார். அதைச் சாக்கடையில் கொட்டினேன். டவுசர் பையில் கொண்டுவந்திருந்த சர்க்கரையைப் போட்டுக் கலக்கினேன்.

இருட்டில் சித்தி பேசத் தொடங்குவாள். பேச்சு வளர வளர அவள் முகம் வெளிச்சத்துக்கு வரவேண்டும். மாமா தகடுகளை அடிவரை இறக்கியும் பல்பின் இழை மட்டும் கங்குபோல் சிவந்து நின்றது. முன்வரிசையில் யாரோ “லைட் ஹாக்ரீ”, விளக்கைப் போடுங்கள் என்று கன்னடத்தில் குரல் கொடுத்தார். சித்தி நிறுத்தவில்லை. ஒரு சொல் விடாமல் இருட்டிலேயே பேசி முடித்தாள். மற்ற விளக்குகள் வருவதற்குள் திரை விழுந்துவிட்டது. மெட்ராஸ்காரர் ரயிலைப் பிடிக்க எழுந்து போய்விட்டார்.

மாமா மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஜாடியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு எல்லாரிடமும், “உப்பு போட மறந்துட்டேன்” என்றார்.

வீடு திரும்பும்போது சித்தி சிரித்தபடி கேட்டாள்: “என்னண்ணா, என் மூஞ்சியைப் பாத்து லைட்டே பயந்துடுச்சா?” அன்றிரவு அவள் என் பக்கத்தில்தான் படுத்தாள். நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன்பிறகு அவள் மேடை ஏறவில்லை. ஊதுவத்திக் கம்பெனி வேலைக்குப் போனாள். என் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டாள். கடைசிவரை எங்களோடு இருந்தாள். நான் வேதியியல் ஆசிரியன் ஆனேன். சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து நேர்மின் அயனி ஆகிறது, அதை வாங்கிக்கொண்ட குளோரின் எதிர்மின் அயனி ஆகிறது, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துப் படிகமாகின்றன என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதினேன். அந்தப் பிடிக்குள் இருக்கும்வரை அயனிகளால் நகர முடியாது, உப்புக் கல்லில் மின்சாரம் ஓடாது. தண்ணீர் பிடியைத் தளர்த்திவிட்டால்தான் அவை போகும். அவை போனால்தான் விளக்கு எரியும். சர்க்கரை கரைந்தாலும் மூலக்கூறு முழுசாகவே இருக்கும். அதற்கு மின்சுமை இல்லை. எதையும் சுமந்து போகாது.

இதைச் சொல்லும்போதெல்லாம் சித்தியின் குரல் கேட்கும். முகம் மட்டும் தெரியாது. அந்த வெளிச்சத்தில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

பிரியாது என்ற சொல் அன்று எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பிரியாததால்தான் பல்பு எரியவில்லை என்பதையும் மாமா அதே மூச்சில் சொல்லியிருந்தார்.